ஆங்கில மேசை: 'மச்' எங்கே, 'மெனி' எங்கே?

இம்மாதம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றி வந்தன: எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எந்த அளவுச்சொல்லைப் போடுவது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். வாய்விட்டு வாசிக்க வசதியாக ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

கேள்வி: 1978 சூறாவளியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். 'த சைக்ளோன் கோஸ்ட் மெனி டெமேஜஸ்', 'வீ கொட் மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்ற இரண்டு வசனங்களுக்கும் டீச்சர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். சேதங்கள், தகவல்கள் என்று தமிழில் பன்மையில்தானே சொல்கிறோம்? எது எண்ணக்கூடிய சொல், எது எண்ண முடியாத சொல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– தரம் 11 மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர் போட்ட கோடு சரி. 'த சைக்ளோன் கோஸ்ட் எ லொட் ஒஃப் டெமேஜ்', 'வீ கொட் எ லொட் ஒஃப் இன்ஃபர்மேஷன்' என்று எழுதியிருக்க வேண்டும். 'டெமேஜஸ்' என்றும் ஒரு சொல் இருக்கிறதுதான். ஆனால் அது வழக்கில் தோற்றவர் கட்டவேண்டிய நட்டஈட்டுப் பணம். 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழில் 'எத்தனை' என்று கேட்டால் 'மெனி', 'எவ்வளவு' என்று கேட்டால் 'மச்' என்று பல வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அரிசி, சீனி, மணல், பால், தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது சரிவரும். எத்தனை முட்டை, எத்தனை தேங்காய் என்பதும் சரி. ஆனால் பரீட்சையில் வருவது இந்த இலகுவான சொற்கள் அல்ல. தமிழில் தாராளமாகப் பன்மையாகி, ஆங்கிலத்தில் ஒருபோதும் 'ஸ்' ஏற்காத சொற்கள் ஒரு பிடி இருக்கின்றன. புள்ளி போவது அங்கேதான். இவற்றைப் பாடமாக்கி விடுங்கள்: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லகேஜ், இக்விப்மென்ட், ஹோம்வேர்க், நியூஸ், நொலேஜ், எவிடென்ஸ், ஜுவலரி, மெஷினரி, ட்ரஃபிக், மணி. இவற்றில் 'நியூஸ்' மட்டும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'எஸ்' எழுத்தில் முடிந்து ஏமாற்றும். அதுவும் ஒருமைதான்: 'த நியூஸ் இஸ் பேட்'.

எண்ண முடியுமா முடியாதா என்று பொருளைப் பார்த்துத் தீர்மானிக்கப் போனால் பிழைக்கும். அந்தக் குணம் பொருளுக்குரியதல்ல, சொல்லுக்குரியது. வீட்டு விறாந்தையில் கிடக்கும் நாலு கதிரையை 'ஃபர்னிச்சர்' என்றால் எண்ண முடியாது. 'சேர்ஸ்' என்றால் எண்ணலாம். பயணப்பை 'லகேஜ்' என்றால் 'மச்', 'பேக்ஸ்' என்றால் 'மெனி'. காசு 'மணி' என்றால் 'மச்', 'ருப்பீஸ்' என்றால் 'மெனி'. சமையலறைப் பருப்பும் அப்படித்தான்: 'டால்' எண்ண முடியாதது, 'லென்டில்ஸ்' எண்ணக்கூடியது. ஒரு கூட்டத்தையே குறிக்கும் பெயர் எண்ண முடியாததாகவும், அதற்குள் இருக்கும் தனிப்பொருளின் பெயர் எண்ணக்கூடியதாகவும் இருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'வெஜிடபிள்' கூட்டுப் பெயர்தான், ஆனாலும் 'வெஜிடபிள்ஸ்' ஆகிறது.

ஆங்கிலேயரே இதில் தடுமாறிய கதையும் உண்டு. பட்டாணிக்கு அவர்கள் முன்பு 'பீஸ்' என்றுதான் சொன்னார்கள். அது அரிசி போல எண்ண முடியாத சொல். கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்து அதை வெட்டியெறிந்து, 'பீ' என்ற ஒருமையைப் பிறகு உண்டாக்கிக்கொண்டார்கள்.

சந்தேகம் வந்தால் மாணவர் அகராதியைத் திறவுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் எண்ண முடியாதது, 'சி' இருந்தால் எண்ணக்கூடியது. இரண்டும் இருந்தால் கருத்துக்குக் கருத்து மாறும் என்று அர்த்தம். அப்போது உதாரண வசனத்தையும் வாசிக்க வேண்டும்.

ஒன்று, இரண்டு என்று கட்டாயம் எண்ண வேண்டுமென்றால் முன்னால் ஓர் எண்ணக்கூடிய சொல்லை வையுங்கள்: 'எ பீஸ் ஒஃப் இன்ஃபர்மேஷன்', 'டூ பீசஸ் ஒஃப் அட்வைஸ்', 'த்ரீ ஐட்டம்ஸ் ஒஃப் ஜுவலரி'. பன்மை முன்சொல்லில் மட்டும் ஏறும், பின்சொல் அசையாது. 'டூ பீசஸ் ஒஃப் அட்வைசஸ்' என்பது தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்ட மாதிரி.

கேள்வி: நெல் ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கொழும்பில் கொள்வனவு செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ஈமெயில் அனுப்ப வேண்டும். 'த்ரீ ஹன்ட்ரட் பேக்ஸ் பெடி' என்று எழுதினால் சரியா? பின்னால் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.
– எழுதுவினைஞர், சம்மாந்துறை

பதில்: முதலில் 'ஒஃப்' விடுபட்டிருக்கிறது. 'த்ரீ ஹன்ட்ரட் பேக்ஸ் ஒஃப் பெடி' என்பதே சரி. 'ஹன்ட்ரட்'டுக்கு 'ஸ்' வேண்டாம், 'பெடி'க்கும் வேண்டாம்.

'இஸ்'ஸா 'ஆர்'ரா என்ற கேள்விக்கு மூன்று விடைகள் இருப்பதால்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மூடைகளை மூடைகளாகப் பார்க்கும்போது பன்மை: 'த்ரீ ஹன்ட்ரட் பேக்ஸ் ஒஃப் பெடி ஆர் ரெடி'. நிறையை அல்லது பணத்தை மொத்தமாக ஒரே அளவாகப் பார்க்கும்போது ஒருமை: 'டென் கிலோஸ் ஒஃப் ரைஸ் இஸ் இனஃப்', 'ஃபைவ் தௌசண்ட் ருப்பீஸ் இஸ் டூ மச்'. பத்துக் கிலோ என்பது பத்துப் பொருள் அல்ல, ஓர் அளவு. மூன்றாவது, 'எ லொட் ஒஃப்', 'ப்ளென்டி ஒஃப்', 'மோஸ்ட் ஒஃப் த', 'சம் ஒஃப் த' போன்றவை. இவற்றுக்குச் சொந்தமாக ஒருமையோ பன்மையோ கிடையாது. 'ஒஃப்'புக்குப் பிறகு வரும் பெயர்ச்சொல்தான் வினையைத் தீர்மானிக்கும்: 'எ லொட் ஒஃப் பெடி வோஸ் வெட்', 'எ லொட் ஒஃப் பேக்ஸ் வேர் வெட்'.

வியாபாரக் கடிதத்தில் 'அமவுண்ட்', 'நம்பர்' இரண்டையும் மாற்றிப் போடுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. நெல்லுக்கு 'எ லார்ஜ் அமவுண்ட் ஒஃப் பெடி', மூடைக்கு 'எ லார்ஜ் நம்பர் ஒஃப் பேக்ஸ்'. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டுமென்றால் 'எ லார்ஜ் குவான்டிட்டி ஒஃப்' பாதுகாப்பானது. இன்னொரு பொறி: 'எ நம்பர் ஒஃப் பேக்ஸ் ஆர் மிஸ்ஸிங்' என்றால் சில மூடைகளைக் காணவில்லை. 'த நம்பர் ஒஃப் பேக்ஸ் இஸ் ரோங்' என்றால் மூடைக் கணக்குப் பிழை. 'எ'க்குப் பதில் 'த' வந்ததும் வினையும் மாறிவிட்டது, கருத்தும் மாறிவிட்டது. எண்ணிக்கை குறைந்த சரக்குக்குப் பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் இது சின்ன விடயமல்ல.

'வீ ஹேவ் மச் பெடி' என்று எழுத வேண்டாம். இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் காதுக்கு ஒவ்வாது. 'மச்' தனியாக நிற்கும்போது எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் பொருந்தும்: 'வீ டோன்ட் ஹேவ் மச் பெடி', 'ஹவ் மச் பெடி டூ யூ நீட்?' உடன்பாட்டு வசனத்தில் பேச்சுக்கு 'எ லொட் ஒஃப்', கடிதத்துக்கு 'எ லார்ஜ் குவான்டிட்டி ஒஃப்' போடுங்கள். 'டூ', 'சோ' முன்னால் வந்தால் 'மச்' எங்கேயும் போகும். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைத் திருப்பி அனுப்பும்போது உங்களுக்குத் தேவைப்படும் வசனம்: 'த பெடி ஹேஸ் டூ மச் மொய்ஸ்சர்'.

கேள்வி: 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் வித்தியாசத்தை எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகளுக்கு நிற்பதில்லை. 'வெரி லெஸ் வோட்டர்' என்றும் எழுதுகிறார்கள். எப்படிப் பதிய வைப்பது?
– ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: அளவு இரண்டிலும் ஒன்றுதான், பார்வைதான் வேறு. குளத்தில் கிடப்பது அதே தண்ணீர். 'தெயார் இஸ் எ லிட்டில் வோட்டர் இன் த டேங்க்' என்றால் கொஞ்சம் இருக்கிறது, ஒரு தண்ணி பாய்ச்சிக்கொள்ளலாம். 'தெயார் இஸ் லிட்டில் வோட்டர் இன் த டேங்க்' என்றால் தண்ணீர் இல்லாத குறைதான், சிறுபோகம் செய்வது கஷ்டம். 'எ' இருந்தால் இருப்பதைச் சொல்கிறது, இல்லாவிட்டால் இல்லாததைச் சொல்கிறது. 'எ ஃபியூ', 'ஃபியூ' இரண்டும் எண்ணக்கூடிய சொல்லுக்கு இதே வேலையைச் செய்கின்றன.

வகுப்பில் நிறுத்துவதற்கு ஒரு வழி: முதல் பாதி வசனத்தை மட்டும் கரும்பலகையில் எழுதி, 'சோ' போட்டுப் பிள்ளைகளை முடிக்கச் சொல்லுங்கள். 'வீ ஹேவ் எ லிட்டில் ரைஸ், சோ...' என்றால் 'வீ கேன் குக்' என்று வரவேண்டும். 'வீ ஹேவ் லிட்டில் ரைஸ், சோ...' என்றால் 'வீ மஸ்ட் பை சம்' என்று வரவேண்டும். வெறுமனே கருத்தைக் கேட்டால் இரண்டுக்கும் 'கொஞ்சம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விளைவைக் கேட்டால் தப்ப முடியாது.

பேச்சில் தனி 'லிட்டில்' சற்று விறைப்பானது என்பதையும் சொல்லிவையுங்கள். வாயால் சொல்லும்போது 'தெயார் இஸன்ட் மச் வோட்டர்' என்பதே இயல்பு. 'ஒன்லி' சேர்ந்தால் 'எ' கட்டாயம் வரும், ஆனால் கருத்துக் குறைவு பக்கம் சாய்ந்துவிடும்: 'ஒன்லி எ லிட்டில்'. 'குவைட் எ ஃபியூ' இன்னும் பொல்லாதது. பார்க்கச் 'சில' போல இருக்கும், கருத்தோ 'கனக்க' என்பது.

'வெரி லெஸ்' பிழை. 'லெஸ்' என்பது ஒப்பீட்டுச் சொல், போன வருடத்தை விட, பக்கத்து வயலை விட என்று ஏதாவதொன்றோடு ஒப்பிட வேண்டும். அதனால் 'வெரி' அதன் முன்னால் வராது. 'வெரி லிட்டில் வோட்டர்' என்று எழுதலாம், ஒப்பிடுவதென்றால் 'மச் லெஸ் வோட்டர் தேன் லாஸ்ட் இயர்'. 'வெரி மோர்' என்று பிள்ளைகள் எழுத மாட்டார்கள், 'வெரி லெஸ்' மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் விளங்கும்.

கேள்வி: பாசிக்குடாவில் ஹோட்டலொன்றில் பரிமாறும் வேலை. 'சம்' கேள்வியில் வராது, 'எனி'தான் வரும் என்று படித்தோம். வெளிநாட்டு விருந்தினர் கேள்வியிலும் 'சம்' போடுகிறார்கள். அதோடு 'டூ கொஃபீஸ்' என்றும் சொல்கிறார்கள். கோப்பியை எண்ணலாமா?
– வெயிட்டர், கல்குடா

பதில்: உபசரிக்கும்போதும் ஒன்றைக் கேட்டு வாங்கும்போதும் 'சம்'தான் வரும். 'வுட் யூ லைக் சம் மோர் ரைஸ்?' என்று நீங்கள் கேட்க வேண்டும், 'குட் ஐ ஹேவ் சம் வோட்டர்?' என்று அவர் கேட்பார். 'ஓம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. இருக்கிறதா இல்லையா என்று விசாரித்தால் 'எனி': 'டூ யூ ஹேவ் எனி கேர்ட்?' தயிர் முடிந்துவிட்டால் 'வீ டோன்ட் ஹேவ் எனி கேர்ட் டுடே' அல்லது 'தெயார் இஸ் நோ கேர்ட் லெஃப்ட்'. 'டோன்ட்'டையும் 'நோ'வையும் ஒரே வசனத்தில் போட வேண்டாம்.

கோப்பி எண்ண முடியாததுதான். ஆனால் மேசையில் 'டூ கொஃபீஸ்' என்பது இரண்டு கோப்பைக் கோப்பி. 'த்ரீ டீஸ்', 'டூ வோட்டர்ஸ்' எல்லாம் அந்த வகை. 'டூ சுகர்ஸ்' என்றால் இரண்டு கரண்டிச் சீனி. ஓடர் எடுக்கும் இடத்தில் இவை முழுக்கச் சரி, கடிதத்தில் 'டூ கப்ஸ் ஒஃப் கொஃபி' என்று எழுதுங்கள். சட்டித் தயிருக்கு இந்தச் சலுகை இல்லை, 'டூ பொட்ஸ் ஒஃப் கேர்ட்' என்றே சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'வுட் யூ லைக் சம் சிக்கன்?' என்றால் கோழி இறைச்சி வேண்டுமா? 'வுட் யூ லைக் எ சிக்கன்?' என்றால் ஒரு முழுக் கோழி வேண்டுமா?

கேள்வி: மருதமுனைக் கைத்தறிக் கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டவர் 'கிளோத்', 'கிளோத்ஸ்', 'கிளோதிங்' என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதற்கு எந்த அளவுச்சொல்? விலையைக் கேட்க 'ஹவ் மச் ப்ரைஸ்' சரியா?
– நெசவு விற்பனையாளர், மருதமுனை

பதில்: துணி என்ற மூலப்பொருள் 'கிளோத்', எண்ண முடியாதது: 'ஹவ் மச் கிளோத் டூ யூ நீட்?', 'ஃபைவ் மீட்டர்ஸ் ஒஃப் கிளோத்'. துடைக்கும் துண்டு என்ற கருத்தில் அதே சொல் எண்ணக்கூடியதாகி 'டூ கிளோத்ஸ்' ஆகும். உடுப்பு என்ற கருத்தில் வரும் 'கிளோத்ஸ்' எப்போதும் பன்மை. 'மெனி கிளோத்ஸ்' என்னலாம், ஆனால் 'டூ கிளோத்ஸ்' என்று இலக்கம் போட்டு எண்ண முடியாது. 'கிளோதிங்' கடைப் பலகைக்குரிய சொல், எண்ண முடியாதது. சாரன், சாரி, மேசை விரிப்பு என்று பெயர் சொல்லிவிட்டால் தலையிடியே இல்லை: 'டூ சாரோங்ஸ்', 'ஃபோர் சாரீஸ்'.

'ஹவ் மச் ப்ரைஸ்' பிழை. 'ஹவ் மச் இஸ் இட்?' அல்லது 'வொட்ஸ் த ப்ரைஸ்?' விலை குறைவு என்பதற்கு 'லெஸ் ப்ரைஸ்' வேண்டாம், 'லோவர் ப்ரைஸ்'.

கேள்வி: ஆய்வறிக்கையில் 'லெஸ் தேன் 50 ரெஸ்பொன்டன்ட்ஸ்' என்று எழுதியதற்கு மேற்பார்வையாளர் 'ஃபியூவர்' என்று திருத்தினார். ஆனால் இணையத்தில் எல்லோரும் 'லெஸ்' போடுகிறார்கள். 'ரிசேர்ச்சஸ்', 'டேட்டா இஸ்' பற்றியும் சொல்லுங்கள்.
– பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

பதில்: ஆய்வறிக்கையில் மேற்பார்வையாளர் சொல்வதே சட்டம். ஆட்களை எண்ணினால் 'ஃபியூவர் தேன் 50 ரெஸ்பொன்டன்ட்ஸ்'. ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. எண்ணக்கூடிய சொற்களுக்கு முன்னால் 'லெஸ்' போடும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகப் பழையது. 1770இல் ரொபர்ட் பேக்கர் என்பவர், இவ்விடத்தில் 'ஃபியூவர்' இன்னும் நேர்த்தியாக இருக்கும் என்று தம் விருப்பத்தைச் சொன்னார். பின்னால் வந்த இலக்கணக்காரர் அதையே விதியாக்கிவிட்டார்கள். பிரித்தானியாவில் ரெஸ்கோ கடைகளின் '10 ஐட்டம்ஸ் ஓர் லெஸ்' பலகைக்குப் பலர் முறைப்பாடு சொல்ல, 2008இல் அந்த நிறுவனம் வம்பே வேண்டாமென்று 'அப் டூ 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றியது.

தூரம், காலம், பணம், சதவீதம் வந்தால் பன்மை இருந்தாலும் 'லெஸ்'தான்: 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்', 'லெஸ் தேன் டூ இயர்ஸ்'. இங்கே 'ஃபியூவர்' என்று மாற்றுவது அளவுக்கு மீறிய திருத்தம்.

'ரிசேர்ச்சஸ்' என்பதைப் பெயர்ச்சொல்லாக எழுத வேண்டாம். 'மச் ரிசேர்ச்', 'எ பீஸ் ஒஃப் ரிசேர்ச்', அல்லது 'மெனி ஸ்டடீஸ்'. 'எவிடென்ஸ்'ஸுக்கும் அதே மருந்து. 'டேட்டா' ஒருமையாகவும் பன்மையாகவும் வழங்குகிறது. உங்கள் துறை எதை விரும்புகிறதென்று கேட்டு, முதல் அத்தியாயம் முதல் கடைசிவரை ஒன்றையே பிடியுங்கள். 'டேட்டாஸ்' மட்டும் எங்கேயும் கிடையாது. 'அமவுண்ட் ஒஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதினால் மாணவரை நிறுத்துக் கொடுப்பது போலாகும், 'நம்பர்' போடுங்கள்.

கேள்வி: மீனுக்கு 'மச்'சா, 'மெனி'யா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: இரண்டும் வரும். துறைமுகத்தில் உருப்படி எண்ணினால் 'ஹவ் மெனி ஃபிஷ்?' பன்மையிலும் 'ஃபிஷ்'தான், 'ஃபிஷஸ்' என்பது விஞ்ஞானப் பாடத்தில் மீன் இனங்களைக் குறிக்க. நிறுத்து விற்றால் 'ஹவ் மச் ஃபிஷ்?' கருவாடும் நிறுத்து விற்றால் 'மச்'. றால் நிறுத்து விற்றாலும் பன்மை: 'எ கிலோ ஒஃப் ப்ரோன்ஸ்'. ஐஸ் கட்டிக்கு 'டென் ப்ளொக்ஸ் ஒஃப் ஐஸ்'.

கேள்வி: 'ஐ ஹேவ் மெனி வேர்க்ஸ்' பிழை என்றால், வீதிப் பலகையில் 'ரோட் வேர்க்ஸ்' என்று எப்படி எழுதினார்கள்?
– திருக்கோவில் வாசகர்

பதில்: நீங்கள் செய்யும் வேலை 'வேர்க்', எண்ண முடியாதது: 'ஐ ஹேவ் எ லொட் ஒஃப் வேர்க்'. வீதி, பாலம் போன்ற கட்டுமானப் பணிக்கும் ஓவியம் போன்ற படைப்புக்கும் மட்டும் 'வேர்க்ஸ்'. இதே மாதிரி 'டைம்': 'ஹவ் மச் டைம்' எவ்வளவு நேரம், 'ஹவ் மெனி டைம்ஸ்' எத்தனை தரம்.

கேள்வி: மகள் தரம் 8. எனக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. இதை வீட்டில் எப்படிப் பழக்கலாம்?
– தாய் ஒருவர், ஏறாவூர்

பதில்: சமையலறையே போதும். கொப்பியில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள். முதலாவதில் 'ஸ்' ஏற்கும் சொற்கள்: எக்ஸ், ஒனியன்ஸ், சிலீஸ், ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ். இரண்டாவதில் ஏற்காதவை: ரைஸ், சுகர், சோல்ட், ஒயில், புட்டு, சம்பல், ப்ரெட், சோப். மூன்றாவதில், இரண்டாம் நிரலில் உள்ளவற்றை எண்ண உதவும் சொற்கள்: எண்ணெய்க்கு 'எ பொட்டில் ஒஃப் ஒயில்', பாணுக்கு 'எ லோஃப் ஒஃப் ப்ரெட்', வெட்டிய துண்டுக்கு 'எ ஸ்லைஸ்', சவர்க்காரத்துக்கு 'எ பார் ஒஃப் சோப்'. நாளுக்கு ஐந்து பொருள் காணும், ஒரே நாளில் முப்பது எழுதினால் மறுநாள் மறந்துவிடும்.

ஒரு கிழமை கழித்து நிரலை மூடிவிட்டுக் கடைப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் திருத்தத் தெரியாவிட்டாலும் ஒன்றை மட்டும் பார்க்கலாம்: இரண்டாம் நிரல் சொல்லின் கடைசியில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து ஏறியிருந்தால் பிழை.

தேங்காயில் மகள் தடுமாறக்கூடும். முழுத் தேங்காய் முதல் நிரலில், 'டூ கோகனட்ஸ்'. திருவிய பூ இரண்டாவது நிரலில், 'எ லிட்டில் கோகனட்'. வெங்காயமும் அப்படித்தான், அரிந்த பிறகு 'சம் ஒனியன்' ஆகிவிடும். நூடில்ஸ் மட்டும் எப்போதும் முதல் நிரல்.